பெயர் மாறிய பள்ளியும் நான் கேட்டு வாங்கிய மெமோவும்

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் தலைமை ஆசிரியர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆசிரியர் சங்கத்திலிருந்து போன் வந்தது. நல்ல வார்த்தை எனக்கு வராது. என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தை எழுதித் தருகிறேன். டைம்டேபிள் போடுவது, வருகைப் பதிவேடு பார்ப்பது எல்லாம் உங்களுக்கு டிரெயினிங்கில் மூன்று நாள் சொல்லித் தந்திருப்பார்கள், சமோசாவும் கொடுத்திருப்பார்கள். ஒரு ரப்பர் முத்திரையை எப்போது கையில் எடுக்கக் கூடாது என்பதை அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் தாராவியில் பிறந்து, தாராவியிலேயே படித்து, தாராவியிலேயே முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவள். கடைசி ஆறு வருடம் தலைமை ஆசிரியை. எங்களுடையது நாலு மாடிக் கட்டிடம். மாடிக்கு ஒரு பள்ளி, பள்ளிக்கு ஒரு மொழி: மராட்டி, ஹிந்தி, தமிழ், இங்கிலீஷ். நாலு தலைமை ஆசிரியர்கள், நாலு மணி, நாலு பிரேயர், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்த் தொட்டி. எங்கள் பள்ளியின் பெயர் 'தமிழ்ப் பள்ளி எண் இரண்டு'. எண் ஒன்று எங்கே இருந்தது என்று எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் தெரியாது.

அந்த நம்பர் எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய தலைவலி. பம்பாயில் 'தோ நம்பர்' என்றால் போலிச் சரக்கு என்று பொருள். எந்த ஸ்கூல் என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் மெல்லத்தான் சொல்வார்கள். அதனால், விண்வெளிக்கு முதன்முதலாகப் போன பெண்களில் ஒருவருடைய பெயரை எங்கள் கட்டிடத்துக்கு வைக்கப் போவதாக ஏரியாப் பெரியவர் ஒருவர் அறிவித்தபோது, தண்ணீர்த் தொட்டி விஷயத்தில்கூட ஒத்துப்போகாத நாலு தலைமை ஆசிரியர்களும் ஒரே குரலில் சரி என்றோம். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை அவசரப்பட்டு எழுதிப் பட்ட பாடு போதும்.

ஜனவரியில் விழா. கேட்டுக்கு மேல் நீல நிறத்தில் பெரிய போர்டு. ஒரு பக்கம் ராக்கெட், இன்னொரு பக்கம் பெரியவரின் படம், ராக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக. எங்கள் பத்தாம் வகுப்பு மாணவி இசக்கியம்மாளுக்கு விண்வெளி உடை போட்டு வாசலில் நிறுத்தினோம். அவள் அப்பா பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர். மிச்சமிருந்த வெள்ளி நிற ரெக்ஸினில் அவரே தைத்துக் கொண்டுவந்தார். பத்து மணிக்கு வரவேண்டிய பெரியவர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளை ரெக்ஸினுக்குள் வெந்துகொண்டிருந்தாள். வந்தவர் அவள் கன்னத்தைத் தட்டி, "மகளே, நீயும் மேலே போவியா?" என்று ஹிந்தியில் கேட்டார். மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. "நஹி சார், டிப்ளமா கர்னா ஹை. எலக்ட்ரானிக்ஸ்" என்றாள். மேலே போக மாட்டாளாம், டிப்ளமா படிக்க வேண்டுமாம். கூட்டம் சிரித்தது. எனக்கு அப்போது கோபம்தான் வந்தது, மூன்று நாள் ஒத்திகை பார்த்துப் 'போவேன் சார்' என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

போர்டு மாட்டிய அன்று மத்தியானமே நான் மாட்டுங்காவுக்குப் போய்ப் புதுப் பெயரில் ரப்பர் முத்திரை செய்துகொண்டு வந்துவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு கிளார்க் இருந்தார். ரத்னகிரிப் பக்கத்து மராட்டிக்காரர், எனக்கும் சீனியர். முப்பத்தைந்து வருடம் எங்களோடு குப்பை கொட்டியதில் தமிழ் நன்றாகவே பேசுவார். முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாயி, ஆர்டர் வந்துச்சா?" என்றார். பாயி என்பது மராட்டிக்காரர்கள் டீச்சரைக் கூப்பிடும் மரியாதை.

"போர்டு மாட்டியாச்சு, தேங்காய் உடைச்சாச்சு, பேப்பர்ல போட்டோ வந்தாச்சு. இதுக்கு மேல என்னவே ஆர்டர்?"

"போர்டை கான்ட்ராக்டர் மாட்டுவான் பாயி. பேரைக் கல்வி இலாகாதான் மாத்தணும். காகிதம் வர வரைக்கும் பழைய ஷிக்காவே மாருங்க."

ஷிக்கா என்றால் முத்திரை, மாருவது என்றால் குத்துவது. நான் விட்டேனா? என் வாய்தான் ஊருக்கே தெரியுமே. உங்களுக்கு என்ன தெரியும், பிள்ளைகள் தோ நம்பர் தோ நம்பர் என்று பேச்சு வாங்குவது உங்களுக்கா வலிக்கிறது என்று பொரிந்து தள்ளினேன். பழைய முத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்றும் சொன்னேன். ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து, நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் லீவிங் சர்டிபிகேட் கொடுத்தேன். ஊரில் டி.சி. என்பார்கள், இங்கே எல்.சி. மேலே புதுப் பெயரைக் கைப்பட எழுதி, கீழே புது முத்திரையைப் பளிச்சென்று குத்தினேன். ஒவ்வொன்றையும் குத்தும்போது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. இலாகாவின் ஆர்டர் மட்டும் வரவில்லை.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை இசக்கியும் அவள் அப்பாவும் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். அவளுக்கு டிப்ளமாவில் எலக்ட்ரானிக்ஸ் சீட் கிடைத்திருந்தது, அதுவும் அரசாங்கக் கல்லூரியில். செம்பூரில் சர்டிபிகேட் சரிபார்க்கும் மையத்துக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர், மார்க் ஷீட்ல தமிழ்ப் பள்ளி எண் ரெண்டுன்னு போட்டுருக்கு. எல்.சி.ல வேற பேரு இருக்கு. நீ ரெண்டு ஸ்கூல்ல படிச்சியான்னு கேக்காவ. இந்தப் பேர்ல ஒரு ஸ்கூலே லிஸ்ட்ல இல்லயாம். எல்.சி. டூப்ளிகேட்டான்னு எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டாவ டீச்சர்."

"ரெண்டும் ஒரே ஸ்கூல்தான்னு நான் லெட்டர் தாரேன், கொண்டு போ."

"ஒங்க லெட்டர் செல்லாதாம். இலாகா ஆபீசுல இருந்து காகிதம் வேணுமாம். புதன்கெழம சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள குடுக்கலன்னா சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிருமாம்."

அவள் அப்பா, "டீச்சரம்மா, நமக்கு இதெல்லாம் வெளங்காது" என்றார். "கெடச்சா படிக்கட்டும். கெடைக்கலன்னா பட்டறையில ஜிப்பு தைக்க ஆளு கேக்காவ. எங்க அண்ணாச்சி இப்பவே ஏன் படிக்க வச்சு நேரத்த வீணாக்குதன்னு ஏசுதாரு. அடுத்த வருசத்துக்கெல்லாம் என்னால நிறுத்தி வைக்க முடியாது பாத்துக்கிடுங்க."

இங்கே நான் செய்ததைக் கேளுங்கள். உடனே எழுந்து கிளம்பியிருக்க வேண்டும். நான் "நாளைக்குப் பாப்போம், போயிட்டு வாங்க" என்றேன். ஏன் தெரியுமா? நான் ரிட்டையர் ஆக நாலு மாதம் இருந்தது. ஆர்டர் இல்லாமல் அரசாங்கக் காகிதத்தில் பெயரை மாற்றியது என்று வெளியே வந்தால் பென்ஷன் ஃபைல் அப்படியே நின்றுவிடும். அந்தப் பிள்ளை தெருவில் இறங்கி நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. மூன்று நாளில் ஒரு நாளை நான்தான் தின்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் மேற்பார்வை அதிகாரியைப் பார்க்கப் போனேன். அவரும் தமிழர்தான், மாட்டுங்காவிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். மரியாதையான மனிதர். காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கைவிரித்தார்.

"நன்னா யோசிச்சுப் பாருங்கோ மேடம். ரெண்டும் ஒரே ஸ்கூல்னு நான் எழுதிக் குடுத்தா, ஆர்டர் வராத பேரை நான் ஒத்துண்ட மாதிரி ஆயிடும். வேற வேற ஸ்கூல்னு எழுதினா, பேர் வெச்சவாளுக்குக் கோபம் வரும். எதையுமே எழுதாம இருக்கறதுதான் எல்லாருக்கும் மரியாதை."

"அந்தப் பிள்ளைக்கு சார்?"

"சின்ன வயசுதானே. அடுத்த வருஷம் சேரட்டுமே. நீங்களும் நாலு மாசத்துல ரிட்டையர் ஆறேள். இதைப் போய்க் கிளறிண்டிருக்க வேண்டாம்னு உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை ஜிப்பு தைத்துக்கொண்டிருப்பாள் என்று சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு காப்பியைக் குடித்து முடித்தார்.

பள்ளிக்குத் திரும்பியபோது இசக்கி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது நாலு வார்த்தை ஏசி மனசை ஆற்றியிருப்பேன். அறைக்குள் போய்க் கிளார்க்கைக் கூப்பிட்டேன். குரலைத் தாழ்த்தி, "பழைய ஷிக்கா எங்கவே?" என்றேன்.

தன் மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து வைத்தார். நான் தூக்கி எறியச் சொன்னதை அவர் எறியவில்லை.

"ஒரு புது ஃபார்ம் எடுங்க. பழைய பேர்ல வேற எல்.சி. எழுதிருவோம். அதே நம்பர், அதே தேதி. அவகிட்ட இருக்கத வாங்கிக் கிழிச்சுப் போட்டுருவோம்."

இளம் தலைமை ஆசிரியர்களே, முப்பத்து மூன்று வருடச் சர்வீசுக்குப் பிறகு நான் இதைச் சொன்னேன். நெருக்கடியில் மூளை முதலில் காட்டும் வழி எப்போதும் சுலபமாகத்தான் தெரியும், நானும் அதில்தான் போய் விழப் பார்த்தேன். கிளார்க் முத்திரையைத் தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"பாயி, பொண்ணு ஆன்லைன்ல அந்த எல்.சி.யை ஸ்கேன் பண்ணி ஏத்தியாச்சு. இப்ப நீங்க வேறொன்னு குடுத்தா, அவங்க ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க. இப்ப வரைக்கும் தப்பு உங்க பேர்ல. அப்புறம் அந்தப் பொண்ணு பேர்ல. போலீஸ் கேஸ் ஆகும்."

நாற்காலியில் உட்கார்ந்து, "அப்ப என்னதான் செய்ய? அந்த மனுஷன் ஒரு வரி எழுதித் தர மாட்டேங்காரே" என்று கத்தினேன்.

"உதவின்னு கேட்டா ஆபீஸ்ல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க பாயி. தண்டனைன்னா உடனே போடுவாங்க. நீங்க மெமோ கேளுங்க."

"என்னது?"

"மெமோ. நீங்களே உங்க தப்பை எழுதிக் குடுங்க. மெமோ டைப் பண்றவன் சொந்தமா ஒரு வார்த்தை எழுத மாட்டான், நம்ம லெட்டரைப் பாத்துதான் அப்படியே அடிப்பான். நமக்கு வேண்டிய வரியை நாம உள்ள வெச்சுக் குடுப்போம்."

அந்த மனிதர் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, பியூனாக வேலைக்குச் சேர்ந்தவர். நான் இரண்டு எம்.ஏ. இரண்டு எம்.ஏ.வும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் மராட்டியில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'தமிழ்ப் பள்ளி எண் இரண்டு என்று பதிவாகி, தற்போது இந்தப் பெயரால் அழைக்கப்பட்டு வரும் அதே பள்ளியின் தலைமை ஆசிரியையாகிய நான், இலாகாவின் உத்தரவு இன்றி, நாற்பத்தொரு மாணவர்களின் சான்றிதழ்களில் புதுப் பெயரைப் பயன்படுத்திவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது.' இதில் முதல் வரிதான் எங்களுக்கு வேண்டியது. மற்றதெல்லாம் அதை உள்ளே கொண்டுபோகும் வண்டி. கீழே, 'பிரதி: தலைமை அலுவலகம்' என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். ஏன் என்றேன். "மேல போயிடுச்சுன்னு தெரிஞ்சாதான் இவர் அவசரப்படுவார்" என்றார்.

கையெழுத்துப் போடும்போது பயந்தேனா என்றால், பயந்தேன். என் வீட்டுக்காரர் போய் எட்டு வருடம். பையனுக்கு ஐரோலியில் வேலை, வீட்டுக் கடன் கழுத்து வரை. பென்ஷன் நின்றால் நான் அவன் கையைத்தான் பார்த்து நிற்க வேண்டும். இதையெல்லாம் நினைத்தபடிதான் போட்டேன், தைரியசாலி என்று யாரும் என்னைப் புகழ வேண்டாம்.

புதன்கிழமை ஆபீஸ் திறந்ததும் கடிதத்தை நீட்டினேன். அதிகாரி படித்தார். முகம் வெளிறிவிட்டது.

"என்ன மேடம் இது? நான் அவ்வளவு சொல்லியும்... தலைமை ஆபீசுக்கு வேற அனுப்பிட்டேளா?"

"அனுப்பிட்டேன் சார். சாயந்தரத்துக்குள்ள எனக்கு மெமோ தந்துட்டீங்கன்னா, உடனே நடவடிக்கை எடுத்தீங்கன்னு உங்களுக்கு நல்ல பேரு."

"மெமோவைக் கேட்டு வாங்கறவாளை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை" என்றார். நானும் பார்த்ததில்லை என்றேன்.

ஆறு மாதமாக ஒரு ஆர்டர் அனுப்ப முடியாத ஆபீஸ், மத்தியானம் இரண்டே முக்காலுக்குள் மெமோவை டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டது. கிளார்க் சொன்னது போலவே அட்சரம் பிசகாமல் எங்கள் வரி அதில் இருந்தது. அதற்குக் கீழே 'பொறுப்பற்ற செயல்', 'ஏழு நாளுக்குள் விளக்கம்', 'ஓய்வூதியப் பலன்களை ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது' என்றெல்லாம் அவர்கள் பங்குக்கு எழுதியிருந்தார்கள்.

இசக்கியையும் அவள் அப்பாவையும் ஆபீஸ் வாசலிலேயே நிற்க வைத்திருந்தேன். டாக்ஸி பிடித்துச் செம்பூருக்கு விட்டோம். சயான் சர்க்கிளில் வண்டி நகரவே இல்லை. மழை வேறு. இசக்கி மடியில் மெமோவை வைத்து வாசித்தாள். நம் பிள்ளைகள் தமிழைத் தடவித் தடவி வாசிக்கும், மராட்டி என்றால் சரளமாக வரும்.

"டீச்சர், இது ஒங்கள ஏசி எழுதுன லெட்டர்லா?"

"ஆமா."

"பொறுப்பில்லாதவங்கன்னு போட்டுருக்கு."

"சரியாத்தான் போட்டுருக்கு. மொத வரிய வாசிட்டி."

வாசித்தாள். திரும்ப ஒரு தடவை வாசித்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒங்க பென்சன் நின்னுருமா டீச்சர்?" என்றாள்.

"நின்னாலும் நிக்கும். நீ திங்கக்கெழம வந்தப்பவே நான் இதச் செஞ்சிருக்கணும். பயந்துட்டேன். அதுக்கு என்ன மன்னிச்சிரு தாயி."

ஒரு மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டது என் சர்வீசிலேயே அந்த ஒரு தடவைதான். அவள் அப்பா சங்கடப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இசக்கி மெமோ மழையில் நனையாதபடி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மையத்தில் நாங்கள் வரிசையில் நின்றபோது நாலு நாற்பது. கவுன்டரில் இருந்த அம்மாள் மெமோவைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார். "மேடம், இது உங்களுக்கு வந்த மெமோ" என்றார் ஹிந்தியில், நான் தவறிப்போய் வேறு காகிதத்தை நீட்டிவிட்டேன் என்று நினைத்து. "ஆமாம், நான்தான் அந்த ஆள். முதல் வரியைப் பாருங்கள், இரண்டு பெயரும் ஒரே பள்ளி என்று இலாகா அதிகாரியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்றேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்து இசக்கியின் படிவத்தில் டிக் போட்டு, ஒரிஜினல் வேண்டும் என்று மெமோவை வாங்கி ஃபைலில் சேர்த்துக்கொண்டார். சீட் உறுதியானது. அவள் அப்பா கவுன்டர் முன்னாலேயே உட்கார்ந்து அழுதார். நானும்தான் அழுதேன், அதில் என்ன மறைக்க இருக்கிறது.

பென்ஷன் ஒன்பது மாதம் நின்றது. மெமோவின் ஒரிஜினலைக் கேட்டார்கள், அது டிப்ளமா கல்லூரியில் இருக்கிறது என்றேன். ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்கம் கேட்டு இன்னொரு மெமோ வந்தது. அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தப்புச் செய்யாமல் இருங்கள் என்று நான் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். செய்த தப்பை, அதனால் அடிபடப்போகும் பிள்ளைக்கு முன்னால் போய் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் முதல் நாளே. உங்களைவிடக் குறைந்த சம்பளத்தில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது சொன்னால் ஒரு நிமிஷம் வாயை மூடிக் கேளுங்கள்.

சீட் கிடைத்த மறுநாள், வியாழக்கிழமை காலை நான் பள்ளிக்குப் போனபோது மூன்றாவது மாடிப் படிக்கட்டு நிறைய ஆட்கள். மிச்சம் நாற்பது பிள்ளைகளின் அப்பா அம்மாமார். ஐ.டி.ஐ., ஜூனியர் காலேஜ், நர்சிங் என்று எங்கெங்கோ சேரப் போயிருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதே சிக்கல். இசக்கிக்குச் சீட் வாங்கித் தந்த காகிதத்தின் பெயர் ராத்திரிக்குள் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. லேபர் கேம்பிலிருந்து ஒரு அம்மா மாவரைத்த கையோடு வந்திருந்தாள். வரிசையில் முதல் ஆளும் அவள்தான். என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பணிவாகக் கேட்டாள்:

"டீச்சர், எம் மவளுக்கும் ஒரு மெமோ தாங்க."